ஏணி சொன்ன விலை

பேரம் வாயால் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் கடை வைத்துப் பழகாதவர்கள். அது கழுத்தால் செய்கிற வேலை. அதிலும் வாங்க வந்தவரின் கழுத்தால்.

எங்கள் கடைத்தெருவில் இதை முதலில் கண்டுகொண்டவர் திரைச்சீலைக் கடைக்காரர். அவருடைய கடை அகலத்தில் கஞ்சம், உயரத்தில் தாராளம். தரையிலிருந்து கூரை வரை மரத்தட்டுகள், தட்டு நிறையத் துணிச்சுருள்கள். மேல்தட்டை எட்டுவதற்கு, சுவரில் பதித்த இரும்புக் குழாயில் சக்கரம் வைத்து ஓடுகிற ஒரு ஏணி. நல்ல சரக்கெல்லாம் உச்சியில்தான் இருக்கும். ஏன் என்று கேட்டால், "தூசி படாம இருக்கும்" என்பார். தூசி மேலேதான் அதிகம் படியும் என்பது அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

விஷயம் வேறு. வாங்க வந்தவர் ஒரு துணியைக் காட்டியதும், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். துணியின் நுனியை மட்டும் கீழே தொங்கவிடுவார். தான் இறங்க மாட்டார். பேரம் முழுக்க மேலிருந்துதான். கீழே நிற்பவர் அண்ணாந்து பேச வேண்டும். கூரை விளக்கு கண்ணைக் குத்தும். கடைக்காரர் முகம் தெரியாது, இரண்டு பாதங்கள்தான் தெரியும். பாதத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் விலை கேட்பது? சிறிது நேரத்தில் பிடரி இறுகும். "சரி, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டவர்களால்தான் அவர் வீடு கட்டினார். தெருவில் அவருக்கு ஏணியார் என்று பெயர்.

அப்படிப்பட்டவர் ஏணியிலிருந்து விழுந்திருந்தால் அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும். அவர் விழுந்தது வாசற்படியில்.

ஒரு பெண்மணி துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த கடையில பாத்துக்கறேன்" என்று நடையைக் கட்டினார். கூப்பிட்டால் விலை இறங்கும், கூப்பிடாவிட்டால் ஆள் போய்விடும். இந்த யோசனையோடு ஏணியிலிருந்து இறங்கி அவர் பின்னால் வந்த ஏணியார், கடை தொடங்கிய நாளிலிருந்து அதே இடத்தில் இருக்கிற படியை மறந்துபோனார். வலது பாதம் உள்பக்கமாகப் புரண்டது. தடாலென்று உட்கார்ந்தார். அந்தப் பெண்மணி திரும்பி வந்து, தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, அவர் வலியில் முனகியதைத் தன் விலைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துணியையும் வாங்கிப் போனார்.

எலும்பு உடையவில்லை. நல்ல சுளுக்கு. கணுக்கால் பன் மாதிரி உப்பிக்கொண்டது. கட்டுப் போட்டார்கள், ஏணியை மறக்கச் சொன்னார்கள். கல்லாவில் அவர் மனைவி வழக்கம்போல் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு ஏணியாரும் உட்கார்ந்தார். வியாபாரத்தை மச்சான் பார்த்துக்கொண்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, கடையில் பங்குதாரர். ஏறிப் பழக்கமில்லாதவர், கீழே நின்று முகம் பார்த்துப் பேசுகிறவர்.

"முகத்தப் பாத்துக்கிட்டே எப்படிடா விலை சொல்ற?" என்று ஏணியார் கேட்பார். "எனக்குக் கூச்சமா இருக்கு."

"நெஜ விலையைச் சொன்னா என்ன கூச்சம், அத்தான்?" என்பார் மச்சான்.

மச்சானுக்கு ஒரு கனவு இருந்தது. அந்தக் கனவு ஏற்கெனவே ஒரு அட்டைப்பெட்டியில் கடைக்கு வந்துவிட்டது. விலைச்சீட்டு அச்சடிக்கிற சின்ன மெஷின். எல்லாச் சுருளிலும் விலை ஒட்டிவிட வேண்டும், 'ஒரே விலை' என்று பலகை மாட்டிவிட வேண்டும், யாரும் யாரிடமும் வாயைக் கொடுக்க வேண்டாம். ஏணியார் அந்தப் பெட்டியை, வீட்டுக்குள் யாரோ கொண்டுவந்து விட்ட பாம்புக்கூடை மாதிரி பார்த்தார்.

வீக்கம் வடிந்ததும் பிசியோதெரபிக்குப் போனார். தரையெல்லாம் நீல மெத்தை, மூலையில் ரப்பர் பந்துகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வைத்தியம் பார்த்தது ஓர் இளம்பெண். முதலில் காலைச் சுழற்றச் சொன்னார், ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார். சில வாரங்கள் கழித்து ஒருநாள், "சார், இன்னிக்கு ஒரு டெஸ்ட். அடிபட்ட கால்ல மட்டும் நில்லுங்க" என்றார்.

நின்றார்.

"இப்ப நூறுலேருந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே வாங்க."

"எதுக்கு, டாக்டரம்மா?"

"சுளுக்கு வந்த கணுக்கால், தான் எப்படி இருக்குன்னு மூளைக்குச் சரியா சேதி அனுப்பாது சார். அதனால மூளை தானே வந்து காலைப் பாத்துக்கிட்டு நிக்கும். சும்மா நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. மனசுக்கு வேற ஒரு வேலை குடுத்தா, சில பேருக்குக் கால் ஆட ஆரம்பிச்சிடும்."

"கல்லாவைப் பாத்துக்கிட்டு இருக்கற ஆளை குடோனுக்கு அனுப்பற மாதிரி."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "அப்படியே வச்சுக்கலாம்" என்றார்.

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. இந்த ஜன்னல் துணி எங்கம்மா வாங்கினீங்க? எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு. சாயம் நிக்காத சரக்கு இது, உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான். அம்பத்தெட்டு." சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எண்களில் இறங்கி வந்தார். "ஒம்பது, ரெண்டு. மேல சொல்லவா? கடன்ல போகும்."

கால் நட்டு வைத்த கம்பம்போல் நின்றது. பிசியோ பெண் பதின்மூன்று பதின்மூன்றாகக் குறைக்கச் சொன்னார். "வரி சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டுவிட்டு அதையும் முடித்தார்.

"இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல சார்" என்றார் அந்தப் பெண். "கால் சுத்தமா சரியாயிடுச்சு. நீங்க ஏணி ஏறலாம்."

ஏணியார் கடைக்கு வந்த தோரணையைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்தார். ஏணியின் கால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். மச்சானிடம், "பெட்டியப் பரண்ல போடு" என்றார். ஏறினார். உச்சியில் நின்று ஒரு முறை கடையைச் சுற்றிப் பார்த்தார். கூரையில் ஒட்டடையைத் தவிர வேறொன்றும் புதிதாகச் சேரவில்லை.

முதலில் வந்தவர் தையல்காரர். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். எனவே குறைவாகப் பேசுவார், நிறையக் கவனிப்பார். பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட துணியைக் கேட்டார். நுனி இறங்கி வந்தது. மேலிருந்து ஏணியார் ஒரு விலை சொன்னார். தையல்காரர் அதில் பாதியைச் சொன்னார்.

"கட்டாது" என்றார் ஏணியார். ஏணி கல்லாக நின்றது.

தையல்காரர் கொஞ்சம் ஏற்றினார்.

"கட்டாது."

இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

"அது வந்து" என்றார் ஏணியார். கிடுகிடுவென்று ஒரு சத்தம். ஏணியின் சக்கரங்கள் இரும்புக் குழாயில் பல்லைக் கடித்துக்கொண்டன.

"ஏணி ஆடுதுங்களே" என்றார் தையல்காரர்.

"காத்து."

"ஃபேன் நிக்குதுங்களே."

"வெளிக்காத்து."

தையல்காரர் வாசலைப் பார்த்தார். எதிர்க்கடையில் தொங்கிய தாள் தோரணம்கூட அசையவில்லை. விலையை ஒரு நூல் இறக்கிப் பார்த்தார். ஏணி நின்றுவிட்டது. ஒரு நூல் ஏற்றினார். கிடுகிடு. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறவர்போல முன்னும் பின்னும் திருகி, சத்தம் தெளிவாகக் கேட்ட இடத்தில் நிறுத்தினார்.

"இந்த விலைக்கு வெட்டுங்க" என்றார்.

அது ஏணியார் மனதுக்குள் வைத்திருந்த கடைசி விலை. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தையல்காரர் துணியை வாங்கிக்கொண்டு, கழுத்தைத் தேய்க்காமல் வெளியே போனார். அந்தக் கடையிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவர்தான்.

ஏணியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிமாட்டு விலை கேட்டால் 'கட்டாது' என்பது அவர் வாய்க்கே பழக்கம். அதற்கு மூளை வேண்டியதில்லை. விலை கடைசி விலைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் உள்ளே இருந்து ஆள் எழுந்து வர வேண்டும். விடலாமா, இழுக்கலாமா, இவர் திரும்பி வருவாரா, போனால் போகட்டுமா. அந்த ஆள் இத்தனை நாளும் கணுக்காலுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தையல்காரர் வாயில் அன்றைக்கென்று பார்த்து ஊசி இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. துணி தேவைப்படாதவர்கள்கூட வந்து விலை கேட்டார்கள். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, இன்னும் சத்தம் வரல" என்று ஒருவருக்கொருவர் யோசனை சொன்னார்கள். ஏணியார் இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மச்சான் பரணிலிருந்து பெட்டியை எடுத்தார்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற வாரம் ஓட்டல்காரம்மா வராங்க. ஓட்டல் முழுக்கத் துணி மாத்தப் போறாங்க. வருஷத்துல பெரிய ஆர்டர் அதான். அவங்ககிட்ட இந்தச் சேதி போகாம இருக்குமா? தையல்காரர்தான அவங்களுக்குத் தைக்கறாரு?"

"அதுக்கு?"

"அன்னிக்கு ஏணி ஆடுச்சுன்னா, மறுநாள் நான் லேபிள் ஒட்டிடுவேன். எல்லாத் தட்டுலயும். ஏணியக் கழட்டிடுவோம். நீங்க அக்காவுக்குப் பக்கத்துல உக்காந்து பில் போடுங்க."

"ஆடலைன்னா?"

"ஆடலைன்னா இந்த மெஷினை நானே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடறேன்."

ஏணியார் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னப் பாக்காதீங்க. அது உங்க கால், இது என் தம்பி" என்றார்.

மறுநாள் காலையில் ஏணியார் பிசியோ அறையில் நின்றார்.

"சரியாயிடுச்சுன்னீங்களே."

"கணக்கு ஆடாம சொன்னீங்களே சார்."

"டாக்டரம்மா, எங்க வீட்டுல குழந்தைக்குத் தாலாட்டே பெருக்கல் வாய்ப்பாடுதான். கணக்கு எனக்கு மூச்சு விடற மாதிரி. அதக் குடுத்துச் சோதிச்சா, மீன நீந்தச் சொல்லிப் பாத்த கதைதான். மனசுல ஒரு விலை, வாயில ஒரு விலை. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்காம பிடிச்சிருக்கணும். அதான் எனக்குப் பாரம்."

பிசியோ பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப பேரம் பேசிக்கிட்டே நிக்கணும். நானே பேசறேன். ஏறுங்க." ஒரு மெத்தென்ற பஞ்சுத் திண்டைக் காட்டினார். ஏணியார் அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றார்.

"உங்க ஃபீஸைப் பாதியாக் குறைங்க" என்றார் ஏணியார்.

"சரி சார்" என்றார் பிசியோ பெண்.

ஏணியார் அதிர்ச்சியில் திண்டிலிருந்து விழுந்தார். நல்லவேளை, கீழே மெத்தை இருந்தது.

"என்னம்மா இது? ஒரு வார்த்தை மறுத்துப் பேச வேணாமா? கடையில நீங்க எப்படித்தான் சாமான் வாங்குவீங்க?"

"சொன்ன விலையைக் குடுத்துடுவேன் சார்."

அவர் அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் பரிவோடு பார்த்தார். இப்படியும் ஆட்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "முழு ஃபீஸையே வச்சுக்குங்க. இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "உங்ககூடப் பேசினா எனக்குத் தூக்கம்தான் வரும். வேற ஆள் வேணும்."

"உங்களுக்கு விட்டுக்குடுக்க மனசில்லாத விஷயத்தக் கேக்கற ஆளா இருக்கணும். யாராவது இருக்காங்களா?"

ஏணியார் பெருமூச்சு விட்டார். "கல்லாவுல இருக்காங்க."

பஞ்சுத் திண்டு வீட்டுக்கு வந்தது. கூடவே பிசியோ பெண்ணின் ஓர் எச்சரிக்கையும் வந்தது. "காலைப் பத்தி நினைக்கவே கூடாது சார். அது தானா நிக்கப் பழகணும். நீங்க காலை நினைச்சா வேற எதையும் நினைக்க முடியாது, வேற எதையாவது நினைச்சா கால் கைவிட்டுடும். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். ரெண்டுக்கும் இருக்கறது ஒரே கவனம்தான்."

கூடத்தில் ஏணியார் திண்டின்மேல் கொக்குபோல நின்றார். எதிரே அவர் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன கேக்கட்டும்?"

"எதையாவது கேளு."

"அந்தச் சாய்வு நாற்காலி. கால் உடைஞ்சு ரெண்டு வருஷமா அட்டை குடுத்து நிக்குது. தூக்கிப் போடணும்."

"முடியாது." கால் அசையவில்லை.

"சரி, மாடி அறைக்குப் போகட்டும்."

"முடியாது."

"துணி மாத்தி, ஆணி அடிச்சு, உங்க தம்பி வீட்டுக்கு அனுப்பிடலாம். அங்க போனா உக்காந்துக்கலாம்ல."

பாதம் திண்டில் புதைந்து நெளிந்தது. ஏணியார் சுவரைப் பிடித்தார்.

"அப்ப தம்பி வீட்டுக்கு" என்று சொல்லி, அவர் மனைவி அடுத்த பட்டாணியை உரித்தார்.

அந்த வாரம் அவர் இழந்தவை ஏராளம். பேசாத ரேடியோ போனது. அவருடைய அக்கா வந்தால் ஒரு மாதம் தங்குவது வழக்கம். அது பத்து நாளாயிற்று. வாரத்தில் ஒருநாள் மதியம் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு மனைவியோடு வெளியே போவது என்று உடன்பாடு ஆயிற்று. இருபத்தெட்டு வருஷமாக 'பாக்கலாம், பாக்கலாம்' என்று சொல்லியே காப்பாற்றி வந்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் வாய் மறுத்துக்கொண்டே இருக்கும். மனைவி வாயைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்ப்பார். கால் ஆடினால், "சரி, முடிஞ்சுது" என்று எழுந்துவிடுவார்.

இழக்க இழக்கக் கால் உறுதிப்பட்டது. பழைய அலமாரியை அவர் காப்பாற்றிக்கொண்டார். கடைசி நாள் அவர் மனைவி பட்டாணியோ வேறு கைவேலையோ இல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

"லேபிள் ஒட்டிட்டா என்ன குறைஞ்சுபோகும்? வயசாகுது. ஏணி ஏறாம இருந்தா எனக்கும் நிம்மதி."

ஏணியார் திண்டில் நின்றார். "ஒண்ணும் குறையாது" என்றார். "ஒட்டிக்கட்டுமே. எனக்கென்ன?"

திண்டு அசையவில்லை. கணுக்கால் இரும்பாக நின்றது. தனக்கே ஆச்சரியமாக இருந்தது அவருக்கு. அவர் மனைவி முகத்தில் மட்டும் ஏதோ ஒரு சோர்வு வந்தது.

"பழையபடி ஆயிட்டீங்க" என்றார். "இந்தக் கொஞ்ச நாளாத்தான் உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா. நல்லா இருந்துது."

ஏணியார் மெதுவாகத் திண்டிலிருந்து இறங்கினார். மனைவி இன்னும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கற?"

"நகம் வெட்டணும் உங்களுக்கு" என்று சொல்லி எழுந்து போனார்.

ஓட்டல்காரம்மா வந்த அன்று கடையில் காற்றுக்குக்கூட இடமில்லை. தெருவில் பாதிப் பேர் பொத்தான் வாங்க வந்ததுபோல் வந்து நின்றார்கள். அந்தக் கடையில் பொத்தான் விற்பதில்லை. ஓட்டல்காரம்மா பெரிய ஆள், உடம்பிலும் சாமர்த்தியத்திலும். பேரத்தில் ஏணியாரோடு பல வருஷப் பகை, அந்தப் பகையில் ஒரு மரியாதையும் உண்டு. சாம்பல் நிறத்தில் கனமான துணி ஒன்றைக் காட்டினார்.

ஏணியார் செருப்பைக் கழற்றி ஏறினார். நுனியைத் தொங்கவிட்டார். கீழே பார்த்தார். ஓட்டல்காரம்மா அண்ணாந்து பார்க்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கைப்பையை மடியில் வைத்தார், கண்ணை மூடினார், காதை ஏணிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கழுத்துக்கு இனி வலியே வராது.

"சொல்லுங்க" என்றார்.

"மீட்டர் நூறு."

"அம்பது."

"கட்டாது."

ஏணியார் மனதில் இருந்தது எழுபது. ஓட்டல்காரம்மா சின்னச் சின்ன அடியாக ஏறி வந்தார். அறுபது. கட்டாது. அறுபத்தஞ்சு. கட்டாது. எழுபது என்றபோது கடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. மச்சான் மெஷின் பெட்டிமேல் கையை வைத்தார்.

"கட்டாதும்மா" என்றார் ஏணியார். ஏணி கோயில் தூண் மாதிரி நின்றது.

மச்சான் கையை எடுத்தார். அதோடு விட்டிருந்தால் நல்ல கதையாக முடிந்திருக்கும். ஆனால் ஏணியார் வியாபாரி. கீழே ஓர் ஆள் கண்ணை மூடிக்கொண்டு, இவருடைய ஏணியின் சத்தத்தையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருக்கும்போது, ஆடாமல் இறங்குவது அவருக்குக் கையில் வந்த லாபத்தை உதறுவதாகப் பட்டது. ஆடாத ஏணி நல்லதுதான். தப்பான இடத்தில் ஆடுகிற ஏணி அதைவிட நல்லது.

எழுபத்தஞ்சு வந்தது. எண்பது வந்தது. எண்பத்தஞ்சு வந்ததும் ஏணியார் காலை ஆட்டத் தொடங்கினார்.

அது அவர் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. தானாக ஆடிய காலத்தில் எப்படி ஆடிற்று? குதிகாலிலிருந்தா, விரலிலிருந்தா? வேகமாக ஆட்டினால் நடிப்பு என்று தெரிந்துவிடும். மெதுவாக ஆட்டினால் சக்கரம் சத்தம் போடாது. தன் மொத்தப் புத்தியையும் கூட்டி வலது கணுக்காலுக்கு அனுப்பினார். கிடுகிடு. சரியான சத்தம். அச்சு அசல்.

ஓட்டல்காரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். உதட்டோரம் சிரிப்பு. "அப்ப எண்பத்தஞ்சுதான் உங்க கடைசி விலை. இதுக்குக் கீழ வராது, அப்படித்தான்?"

புத்தி முழுவதும் காலுக்குப் போயிருந்ததால், வாயைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. கேட்ட கேள்விக்கு வாய் தன்பாட்டில் பதில் சொல்லிற்று.

"எழுபதுக்கே குடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

கடையில் ஓர் ஊசி விழுந்தது. தையல்காரர் வாயைத் திறந்திருந்தார்.

"எழுபதா?" என்றார் ஓட்டல்காரம்மா.

"ஆமாம்மா" என்றது வாய். கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டு மெஷின் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏணியார் அப்போதுதான் காலை நிறுத்தினார். தான் சொன்னது அவர் காதில் இப்போதுதான் விழுந்தது. நாக்கைக் கடித்தார். காலம் கடந்துவிட்டது.

ஓட்டல்காரம்மா இரண்டு கண்ணையும் திறந்து, முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இந்தக் கடைக்கு வர்றேன்" என்றார் நிதானமாக. "கேக்காம ஒரு நூல் இறக்கினது கிடையாது. இன்னிக்கு நான் எண்பத்தஞ்சு தரேங்கறேன், தானா எழுபதுக்கு இறங்கறீங்க. இந்தத் துணியில என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லம்மா."

"சாயம் போகுமா?"

"போகாது."

"எலி கடிச்சிருக்கா?"

"சத்தியமா இல்ல."

"சத்தியம் வேறயா? அப்ப நிச்சயம் ஏதோ இருக்கு" என்றார் ஓட்டல்காரம்மா. "அந்த எழுபது ரூபா சரக்க நீங்களே வச்சுக்குங்க. என் ஓட்டலுக்கு வர்றவங்க துணியத் தொட்டுப் பாக்கறவங்க. எண்பத்தஞ்சுக்கு ஏணி ஆடிச்சுல்ல, அந்தச் சரக்க எடுங்க."

"அம்மா, ரெண்டும் ஒண்ணுதான். ஒரே லாட்டு."

"என்கிட்டயேவா?" என்றார் ஓட்டல்காரம்மா. "வாய் ஆயிரம் சொல்லும். நான் ஏணியத்தான் நம்பறேன்."

ஏணியார் இன்னும் ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். உண்மை அந்தக் கடையில் செல்லாத காசாக இருந்தது. கடைசியில் ஏணியை ஓர் அடி நகர்த்தி, பக்கத்தில் இருந்த சுருளின் நுனியை இறக்கினார். ஓட்டல்காரம்மா தடவிப் பார்த்து, "பாத்தீங்களா, இதான் துணி" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டமும் தடவிப் பார்த்துத் தலையாட்டிற்று. எண்பத்தைந்துக்கு ஓட்டல் முழுக்கத் துணி வெட்டப்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு மச்சான் பெட்டியைப் பிரித்தார்.

"என்னடா பண்ற?"

"ஏணி ஆடுச்சுல்ல அத்தான். பேச்சு மாறக் கூடாது."

"நானா ஆட்டினேன்டா. வேணும்னே ஆட்டினேன்."

"எழுபதுன்னு உளறினதும் வேணும்னேதானா?"

ஏணியாருக்கு முகம் சிவந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் சமாளித்துவிடுவார். உண்மை சொல்லி மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிது. "அது வேற விஷயம்" என்றார்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. தானா ஆடிச்சா, நீங்க ஆட்டினீங்களா, அத யார் கண்டது?"

"நான் கண்டேன்" என்றார் கல்லாவில் இருந்த மனைவி. சில்லறையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவர் ஆட்டினதுதான். தானா ஆடறதுன்னா வலது பெருவிரல் உள்ள மடங்கும். எண்பத்தஞ்சுல மடங்கல. எழுபதுல மடங்கிச்சு, ஏணி ஆடல. கால் கெட்டியாயிடுச்சு. விரல்தான் இன்னும் பாக்கி."

மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். அதன் சொந்தக்காரரும்தான். ஒன்றும் அறியாததுபோல் அது தரையில் கிடந்தது.

"இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"நகம் வெட்டணும்னு சொன்னேனே, அன்னிலேருந்து."

அன்றைக்கு லேபிளைப் பற்றி 'எனக்கென்ன' என்று சொன்னதும் விரல் மடங்கியிருக்கும் என்பது ஏணியாருக்கு உறைத்தது. தெரிந்துகொண்டும் ஒரு வார்த்தை பேசாமல், இன்று தன் பக்கம் பேசுகிறாள்.

மச்சான் பெட்டியின் மூடியை மூடவில்லை. குரல் மட்டும் மாறியிருந்தது. "சரி அத்தான், ஏணி இருக்கட்டும். மேல்தட்டெல்லாம் உங்களுது. கீழ இருக்கற நாலு தட்டுக்கு மட்டும் லேபிள் ஒட்டிக்கறேன்."

"கட்டாது" என்றார் ஏணியார்.

மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மூணு தட்டு?"

"கட்டாது."

"ரெண்டு தட்டு. பலகை மாட்ட மாட்டேன்."

"அதெல்லாம் பேசவே" என்று ஏணியார் தொடங்கும்போதே, அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"முடிஞ்சுது" என்றார் மச்சான்.

ஏணியார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். செருப்பிலும் விரல் வெளியேதான் தெரிந்தது. கல்லாவின் பக்கம் குனிந்து, மச்சானுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார். "வீட்டுல எனக்கு சாக்ஸ் ஏதாவது இருக்கா?"

"நிறைய இருக்கு" என்றார் மனைவி. "எல்லாத்தையும் காலையிலதான் துவைக்க ஊறப் போட்டேன்."